உலோகமும் ஸ்டிக்கரும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஹூஸ்டனில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். மசில் கார்களை, அதாவது பெரிய எஞ்சினோடு வேகத்துக்காகவே செய்யப்பட்ட அமெரிக்கக் கார்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன். டாட்ஜ் நிறுவனம் சேலஞ்சர், சார்ஜர் ஆகிய கார்களின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்து, 'லாஸ்ட் கால்' என்ற பெயரில் ஏழு சிறப்புப் பதிப்புகளைக் கொண்டுவந்தபோது, அவற்றுள் ஒன்றான சேலஞ்சர் ஸ்விங்கரை வாங்கினேன். பச்சை நிறம், பொன்னிறச் சக்கரங்கள். ஆயிரம் கார்கள்தான் என்றார்கள். டீலர் விலைப்பட்டியலுக்கு மேல் கூடுதலாகக் கேட்டார், யோசிக்காமல் கொடுத்தேன். உறை போட்டு கராஜிலேயே வைத்திருந்த காரைச் சென்ற மாதம்தான் முதன்முறையாக ஒரு கார்ச் சந்திப்புக்கு எடுத்துச் சென்றேன். அங்கே சேலஞ்சரின் சாதாரண ஸ்காட் பேக் வகையை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதே எஞ்சின்தான் என் காரிலும் இருக்கிறது. நீ பெயின்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறாய்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் எனக்குக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆர்வலர்கள் மத்தியில் சிறப்புப் பதிப்புகளுக்கு உண்மையாகவே மதிப்பு உண்டா, அல்லது அது விற்பனைத் தந்திரம் மட்டும்தானா? ஓட்டாமல் பாதுகாத்தால் என் மகன் பெரியவனாகும்போது விலை ஏறியிருக்குமா? மின்சாரக் கார்கள் வந்துவிட்ட பிறகு இந்த ஆர்வத்துக்கே எதிர்காலம் இருக்கிறதா?

ர., ஹூஸ்டன்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அந்தக் கூட்டத்தில் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணியபோது மனம் கனத்தது. ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருளை அவர் முன்னாலேயே பழிப்பது அற்பத்தனம். அதை எந்த வயதில் செய்தாலும் அற்பத்தனம்தான். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன தகவல் பிழையானதல்ல. இரண்டையும் சேர்த்தே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சேலஞ்சரின் கடைசிக் கார் 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையைவிட்டு வெளியேறிய நாளிலிருந்து நானும் இதையே யோசித்துக்கொண்டிருப்பதால்தான் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

மின்சாரக் கார் பற்றிய கேள்வியை விட்டுவிடலாம். நீராவி இரயிலை நேசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது அதற்கு மேல் பேச வேண்டிய விஷயமல்ல.

உங்கள் ஸ்விங்கரில் இருப்பது 6.4 லிட்டர் வி8 எஞ்சின், 485 குதிரைத்திறன். அகல உடலமைப்புக் கொண்ட எந்த ஸ்காட் பேக்கை வாங்கியிருந்தாலும் இதே எஞ்சின், இதே பிரேக், இதே சஸ்பென்ஷன்தான் கிடைத்திருக்கும். ஹூடைத் திறந்தால் தெரியும் 'லாஸ்ட் கால்' தகட்டைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை என்றாலும், அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தகடு 2023ஆம் ஆண்டின் எல்லா சேலஞ்சர், சார்ஜர் கார்களிலும் இருக்கிறது; ஆறு சிலிண்டர் காரிலும் இருக்கிறது. நகைக்கடைக் கணக்கில் சொன்னால், தங்கத்தின் எடை எல்லோருக்கும் ஒன்றுதான். நீங்கள் செய்கூலியும் சேதாரமும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதனால் எல்லாச் சிறப்புப் பதிப்பும் ஏமாற்று என்று முடிவுகட்டினால் இந்த வகைக் காரின் வரலாறே உங்களுக்குப் புரியாமல் போய்விடும். மசில் கார் என்ற இனமே, வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு விருப்பப் பொதியாகத்தான் பிறந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் பான்டியாக் பிரிவிலிருந்த ஜான் டெலோரியனும் அவருடைய சகாக்களும் 1964இல் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி, அதைத் தனி மாடல் என்று சொல்லாமல் கூடுதல் விருப்பம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புதிய மாடல் என்றால் தலைமையகத்தின் ஒப்புதல் தேவை; விருப்பப் பொதிக்கு அது தேவையில்லை. அதுதான் ஜிடிஓ. அந்த முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. அரிதான கார் அல்ல. ஆனாலும் அதன் மதிப்பை இன்றுவரை எவரும் மறுத்ததில்லை. ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மீறல் இருந்தது, அந்த மீறல் எஞ்சின் அறைக்குள் இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஷெவ்ரலே செய்த 1967இன் கமாரோ இசட்/28 காரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஷெவ்ரலேயிடம் அந்த அளவுக்குள் பொருத்தமான எஞ்சின் இல்லை. 327 எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை இணைத்து 302 கன அங்குலத்தில் ஒன்றை உருவாக்கினார்கள். இசட்/28 என்பது ஆர்டர் தாளில் இருந்த ஒரு குறியீடு. அந்த ஆண்டு விற்றது 602 கார்கள்.

ஆனால் நான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புவது 1969இன் இசட்எல்1 கமாரோவைப் பற்றி. கமாரோவில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் இன்னொரு விதி. டாக்சிகளுக்கும் காவல்துறைக் கார்களுக்கும் மொத்தமாகச் சிறப்பு ஆர்டர் கொடுப்பதற்கு நிறுவனத்துக்குள் கோபோ என்ற ஒரு வழிமுறை இருந்தது. டாக்சிக்குத் தனி நிறம், உழைக்கும் வண்டிக்குத் தடித்த இருக்கைத்துணி போன்றவற்றுக்காக ஏற்பட்டது அது. அந்த வழியாக, முழுக்க அலுமினியத்தில் வார்க்கப்பட்ட 427 கன அங்குலப் பந்தய எஞ்சினைக் கமாரோவுக்குள் நுழைத்தார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் ஷெவ்ரலே டீலராக இருந்த ஃப்ரெட் கிப், நேர்க்கோட்டில் குறுந்தூரம் ஓடும் டிராக் பந்தயத்தின் விதிகளை நிறைவேற்றுவதற்காக ஐம்பது கார்களை ஆர்டர் செய்தார். மற்ற டீலர்கள் வாங்கியதையும் சேர்த்து மொத்தம் 69 கார்கள். எஞ்சினுக்கு மட்டும் நான்காயிரம் டாலருக்கு மேல். அது ஒரு சாதாரணக் கமாரோவின் விலையைவிட அதிகம். முழுக் காரின் விலை 7,200 டாலரைத் தாண்டியது.

அந்தக் கார் வெளியே எப்படி இருந்தது தெரியுமா? கோடுகள் இல்லை. எஞ்சின் அளவைச் சொல்லும் எழுத்துகள் இல்லை. வெறும் இரும்புச் சக்கரங்கள், நடுவில் சிறிய மூடிகள். ஹூட் சற்று உயர்ந்திருப்பதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. பள்ளி ஆசிரியை ஒருவர் வேலைக்குப் போய்வர வாங்கிய கார் என்று சொன்னாலும் நம்பலாம். அது விற்கவில்லை. கிப் தமக்கு வந்த ஐம்பதில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார். ஷெவ்ரலே அவற்றை வேறு டீலர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அங்கேயும் அவை தேங்கின. இன்று ஏலத்துக்கு ஒன்று வந்தால் அரங்கம் எழுந்து நிற்கும் கார் அது.

பிளிமத் சூப்பர்பேர்டுக்கும் 1970இல் இதே கதிதான். நாஸ்கார் பந்தயத்தில் ஓட வேண்டும் என்றால் இரண்டு டீலருக்கு ஒன்று என்ற கணக்கில் பொதுமக்களுக்கும் தயாரித்தாக வேண்டும் என்பது விதி. அதற்காகக் கூர்மூக்கும் ஓங்கிய இறக்கையும் வைத்து ஏறத்தாழ 1,900 கார்கள் செய்தார்கள். பின்கண்ணாடியைக் காற்றோட்டத்துக்காக மாற்றியமைத்தபோது உண்டான ஒட்டுவேலையை மறைப்பதற்குத்தான் கூரையில் வினைல் போர்த்தினார்கள். அலங்காரம் என்று நாம் நினைப்பது அங்கே அவசரத்தின் தழும்பு. வாங்க ஆளில்லாமல் சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் பிளிமத்தின் சாதாரண ரோடு ரன்னர் காராக மாற்றி விற்றார்கள்.

ஆகவே "ஆர்வலர்கள் மதிக்கிறார்களா" என்ற உங்கள் கேள்வியின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எந்த ஆர்வலர்கள்? 1969இல் இசட்எல்1 காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை அதிகம் என்று திரும்பிப் போனவர்களும் ஆர்வலர்கள்தான். 1976இல் கோப்ரா 2 என்ற பெயரும் பழைய ஷெல்பி காரை நினைவூட்டும் நீலக் கோடுகளும் ஒட்டிய ஃபோர்டின் மஸ்டாங் 2 காரை வரிசையில் நின்று வாங்கியவர்களும் ஆர்வலர்கள்தான். காப்பீட்டுக் கட்டணமும் புகை விதிகளும் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து எஞ்சின்களை நசுக்கிவிட்ட காலம் அது. கோப்ரா 2 காரை நான்கு சிலிண்டர் எஞ்சினோடும் வாங்க முடிந்தது; 5 லிட்டர் வி8 போட்டாலும் 140 குதிரைத்திறனை எட்டவில்லை. உள்ளே இருந்தது போய்விட்டது, வெளியே இருந்த கோடுகள் மட்டும் தங்கின. ஸ்டிக்கர் என்பது தன்னளவில் ஒரு சிறப்பாக மாறியது அப்போதுதான் என்பது என் துணிபு. ஒரு காரின் கோடுகளையும் பெயரையும் நிறத்தையும் உரித்துப் போட்ட பிறகு என்ன எஞ்சுகிறது என்று பாருங்கள். இசட்எல்1 காரில் உரிப்பதற்கே ஒன்றும் இல்லை. 1987இன் ப்யூக் ஜிஎன்எக்ஸ் காரை உரித்தால் வேறு டர்போவும் மாற்றியமைத்த பின் சஸ்பென்ஷனும் மிஞ்சும். 547 என்ற எண்ணிக்கை அதற்குப் பிறகு வருவது. 2018இன் டாட்ஜ் டீமனை உரித்தால் 840 குதிரைத்திறன் மிஞ்சும். கோப்ரா 2 காரை உரித்தால் ஒரு சிறிய, பாவப்பட்ட கார் மிஞ்சும். உங்களுடையதை உரித்தால் ஒரு ஸ்காட் பேக் மிஞ்சும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல், தன் மூச்சில் ஓடும் பெரிய வி8 அது. நீங்கள் அதைப் பார்க்காமல் சக்கரத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் அந்தப் பெரியவரின் ஒரு சொல்லில் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

விலை ஏறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1978இல் இண்டியானபொலிஸ் பந்தயத்தில் மற்றக் கார்களுக்கு முன்னே ஓடி வழிநடத்திய காருக்கு நகலாகக் கறுப்பும் வெள்ளியுமாக 6,502 கார்வெட்டுகள் வந்தன. வாங்கியவர்கள் பலர் உறைகூடப் பிரிக்காமல் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் அடைத்துவைத்ததால் அவை இன்றும் ஏராளமாக, புதிது போலவே கிடைக்கின்றன. பணவீக்கத்தைக் கணக்கிட்டால் கொடுத்த காசுகூடத் தேறாது. மகனுக்குச் சேமிக்க வேண்டுமென்றால் வங்கியில் போடுங்கள்.

நான் மிச்சிகனில் குடியேறிய புதிதில் என் அண்டைவீட்டில் ஒரு முதியவர் இருந்தார். ஆயுட்காலமெல்லாம் உலோக அச்சுகளை வெட்டிச் செய்த தொழிலாளி. கை விரல்களில் உலோகத்துகள் ஏறிய நீலப் புள்ளிகள் போகாமலே இருந்தன. அவரிடம் 1970ஆம் ஆண்டின் பிளிமத் டஸ்டர் 340 ஒன்று இருந்தது. அக்காலத்தில் மலிவான கார்களுள் அது ஒன்று. இளம் தொழிலாளி ஒருவர் சம்பளத்தில் வாங்கக் கூடியது. அவர் அதைப் புதிதாக வாங்கி, அதிலேயே வேலைக்குப் போய்வந்து, அதிலேயே பிள்ளைகளை ஏற்றியிறக்கியிருந்தார். கிளட்ச் பெடலின் ரப்பர் இடதுபுறம் மட்டும் தேய்ந்து, அடியில் இரும்பு பளபளத்தது. அவர் கால் வைக்கும் வாகு அது. ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியைச் சுற்றிலும் பெயின்டு மங்கிப் போயிருந்தது. அதை மீண்டும் பூசச் சொன்னவர்களிடம் அவர் பதிலே சொல்வதில்லை.

ஒரு கோடைகால மாலையில் பின்னிருக்கையின் கீழ்ப்பகுதியைக் கழற்ற என்னைத் துணைக்கு அழைத்தார். முன்விளிம்பை முழங்காலால் உள்ளே தள்ளி மேலே தூக்கினால் கொக்கி விடும். உருவியெடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தபோது சுருள்கம்பிகளுக்கு நடுவே பழுப்பேறிய தாள் ஒன்று மடிந்து செருகியிருந்தது. ஆலையில் அந்தக் காரைக் கட்டியபோது எந்தெந்தப் பாகம் போட வேண்டும் என்று தொழிலாளிகளுக்குச் சொன்ன தாள் அது. வேலை முடிந்ததும் இருக்கைக்குள் செருகிவிட்டுப் போவார்கள். ஓரங்கள் துருவேறிக் கம்பியின் வடிவத்திலேயே கிழிந்திருந்தன. அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு விரலால் கட்டம் கட்டமாகப் படித்தார். "இது எஞ்சின். இது நான்கு கியர். இங்கே வானொலி வேண்டாம் என்று இருக்கிறது பார், அதற்குப் பணம் இல்லை." கோடுகளுக்கான கட்டம் காலியாக இருந்தது. அவர் அந்தத் தாளை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்தார்.

அந்தத் தாளுக்கு இன்று என்ன விலை என்பதை நானறிவேன். போலிகள் பெருகிவிட்ட உலகம் இது. கிரைஸ்லர் நிறுவனத்தின் 1970, 1971 டாட்ஜ், பிளிமத் கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்து ஆர் என்றிருந்தால்தான் ஹெமி என்ற 426 கன அங்குல எஞ்சினோடு பிறந்த கார்; அங்கே ஏமாற்றுவது கடினம். 1969இன் கமாரோவில் அது இசட்/28 தானா என்பதை அடையாள எண் சொல்லாது. எனவே காகிதத்துக்குக் காவல் இருக்கிறார்கள், எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முதியவர் அந்தத் தாளை எவரிடமும் காட்டி நான் பார்த்ததில்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமைப்படுவதற்கு அவருக்கு நேரமில்லை, கார் ஓடிக்கொண்டிருந்தது. வாரநாள் இரவுகளில் வுட்வர்ட் நெடுஞ்சாலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் நகர் வரை போய்த் திரும்புவார். ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை பெரிய ஊர்வலம் நடக்கும்போது மட்டும் காரை வெளியே எடுக்க மாட்டார். கூட்டத்தில் எஞ்சின் சூடாகும் என்பார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கியர் கம்பின் நடுக்கம் அவர் மணிக்கட்டு வரை ஏறுவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்ப்பேன்.

அதே சாலையில்தான் காட்ஃப்ரி குவால்ஸ் ஓட்டினார். உங்கள் 'லாஸ்ட் கால்' வரிசையிலேயே 'பிளாக் கோஸ்ட்' என்று ஒரு பதிப்பு வந்தது. 300 கார்கள், 807 குதிரைத்திறன், முதலைத்தோல் போன்ற கூரை, பின்புறம் வெள்ளைப் பட்டை. அந்தக் கூரையும் பட்டையும் யாருடையவை என்று தெரிந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நான் யோசிப்பதுண்டு. குவால்ஸ் டெட்ராய்ட் நகரின் போக்குவரத்துக் காவலர், கறுப்பினத்தவர். 1970ஆம் ஆண்டின் சேலஞ்சரை 426 ஹெமி எஞ்சின், நான்கு கியர், முதலைத்தோல் வினைல் கூரை என்று தமக்குப் பிடித்தபடி ஆர்டர் செய்தார். பகலில் சட்டத்தைக் காத்தவர் இரவில் எங்கிருந்தோ வந்து பந்தயத்தில் வென்று, எவரிடமும் பேசாமல் மறைந்துவிடுவார். பிறகு பல வாரங்கள் கண்ணிலேயே படமாட்டார். அவர் யார் என்று தெரியாததால் காருக்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அது நெடுங்காலம் கராஜில் நின்றது. 2015இல் தம் இறப்புக்கு முன் உரிமைப் பத்திரத்தை மகனிடம் கொடுத்தார். 2020இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புமிக்க வாகனங்களின் தேசியப் பதிவேட்டில் அந்தக் கார் சேர்க்கப்பட்டது. 2023இல் கட்டணங்கள் உட்படப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அந்த ஆண்டு ஹெமி சேலஞ்சர் அவருடையது மட்டுமல்ல; நூற்றுக்கணக்கில் செய்தார்கள். எஞ்சின் ஒன்று, உலோகம் ஒன்று. அந்த ஒரு கார் தனித்து நிற்பதற்குக் காரணம் அதை ஓட்டியவர், ஓட்டிய சாலை, ஓட்டிய இரவுகள். ஒரு காரின் சிறப்பு உலோகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஓடிய தூரத்தில் சேர வேண்டும். மூன்றாவதாக, அறிவிப்பில் பிறக்கும் சிறப்பு என்று ஒன்றை நான் ஏற்கவே மாட்டேன். உங்கள் காரின் உலோகம் பொதுவானது. ஆக உங்களுக்குத் திறந்திருப்பது இரண்டாவது வழி மட்டும்தான். அந்த வழியையும் கராஜுக்குள் போட்டு மூடிவைத்துவிட்டு, மற்றவர்கள் மதிக்கிறார்களா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அந்தப் பெரியவர் பழித்தது தவறு. ஆனால் அவருடைய ஸ்காட் பேக் அங்கே ஓடிவந்த கார், ர.; உங்களுடையது காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கார். எனக்குத் தெரிந்தவரை உங்கள் முகத்தைச் சுட்டது அதுதான்.

உறையைக் கழற்றுங்கள். நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்ற டயரில் தட்டை விழுந்திருக்கும். சில மைல் மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், நடுக்கம் போகவில்லை என்றால் மாற்றுங்கள். தொட்டியில் கிடக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தீர்த்துவிட்டு உயர் ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். எண்ணெயை மாற்றுங்கள். பொன்னிறச் சக்கரங்களை மாற்ற வேண்டாம். அவை அழகாகத்தான் இருக்கின்றன, அந்த நிறத்தை நீங்கள் விரும்பியதில் ஒரு குற்றமும் இல்லை. பிரேக் துகள் படிந்து கறுக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள். மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அந்தக் காரையே எடுத்துப் போங்கள். பின்னிருக்கையில் அவன் பிஸ்கட்டைச் சிந்தினால் திட்டாதீர்கள். அந்தப் பெரியவர் வரும் சந்திப்புக்கு மறுபடியும் போங்கள். அவருடைய எஞ்சின் எத்தனை மைல் ஓடியிருக்கிறது, எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்று கேளுங்கள். நன்றாகப் பேசுவார் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்.